ஏழாவது ஸ்லைடில் என் நோட்டு

நீ அனுப்பிய படிவம் வந்து சேர்ந்தது. 'அம்மா, இதுல ஒரு சைன் போட்டு ஸ்கேன் பண்ணி வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்பு, சும்மா ஃபார்மாலிட்டிதான்' என்று கூடவே எழுதியிருந்தாய். நான்கு பக்கம், எல்லாம் இங்கிலீஷ். அதை பிரிண்ட் எடுத்துக் கடையில் என் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் வைத்து மூன்று நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஊருக்கெல்லாம் ஸ்காலர்ஷிப் படிவம் நிரப்பிக் கொடுக்கிறவளுக்கு உன் நான்கு பக்கம் புரியாமல் போகாது. புரிந்ததால்தான் இவ்வளவு கோபம். போனில் பேசினால் நான் கத்துவேன், நீ நெட்வொர்க் சரியில்லை என்று வைத்துவிடுவாய். அதனால் டைப் அடிக்கிறேன். ஒரு நகல் உனக்கு. இன்னொரு நகலைக் கடைக் கண்ணாடியில், ஜெராக்ஸ் விலைப் பட்டியலுக்குப் பக்கத்தில் ஒட்டப்போகிறேன். என் நோட்டை நீ ஒரு ஹால் நிறைய ஆட்களுக்குக் காட்டினாய். உனக்கு நான் எழுதுவதையும் நாலு பேர் படிக்கட்டும்.

கண்ணாடிக்கு வெளியே நின்று படிக்கிறவர்களுக்கு விஷயம் விளங்க வேண்டும் இல்லையா, அதனால் உனக்குத் தெரிந்ததையே சொல்கிறேன். நீ சென்னையில் தகவல் பாதுகாப்பில் எம்.டெக். முடிக்கப்போகிறாய். கம்ப்யூட்டரில் இருக்கும் அடுத்தவர் விவரம் திருடு போகாமல் காப்பது எப்படி என்கிற படிப்பு. அதிலேயே பிஎச்.டி. செய்ய உன்னை ஒரு ஃபெல்லோஷிப்புக்குத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். மாதாமாதம் உதவித்தொகை, மேற்கொண்டு புத்தகச் செலவு, வெளிநாட்டுக் கருத்தரங்குக்குப் போய்வர டிக்கெட். நீ எடுத்துக்கொண்ட தலைப்பு, கிராமத்துப் பிள்ளைகளின் பாஸ்வேர்டுகளை ஆன்லைன் சென்டர்கள் எப்படி வைத்திருக்கின்றன என்பது. அதற்கு நீ சாம்பிளாக எடுத்த சென்டர் செஞ்சி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருக்கும் என் கடை. கடைக்காரர் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால்தான் உங்கள் நெறிமுறைக் குழு தலைப்பை ஏற்குமாம். தலைப்பு இல்லையென்றால் ஃபெல்லோஷிப்பும் இல்லை. ஆக, நீ இத்தனை வருடம் படித்தது இப்போது என் பேனாவில் வந்து நிற்கிறது.

அந்த நோட்டைப் பற்றி முதலில் பேசுவோம். வல்லத்திலிருந்தும் அவலூர்பேட்டையிலிருந்தும் தளவானூரிலிருந்தும் பிள்ளைகள் என் கடைக்கு வருகிறார்கள். முதல் பட்டதாரி சான்று, வருமானச் சான்று, சாதிச் சான்று, ஆதாரோடு பேங்க் கணக்கை இணைப்பது, வருடா வருடம் ஸ்காலர்ஷிப்பைப் புதுப்பிப்பது. ஒவ்வொரு இணையதளமும் ஒரு பாஸ்வேர்டு கேட்கும், போன் நம்பர் கேட்கும். வீட்டுக்கு ஒரு போன், அதுவும் அப்பா சட்டைப்பையில். ரீசார்ஜ் போடாமல் பாதி நம்பர் செத்துவிடும். புதுப்பிக்கும் சமயத்தில் பிள்ளை வந்து நின்று, 'அக்கா, பாஸ்வேர்டு மறந்துடுச்சிக்கா' என்று கையைப் பிசையும். ஒரு பிள்ளை இரண்டு பிள்ளையா? அதனால் நான் ஒரு லாங் சைஸ் நோட்டு போட்டேன். பெயர், விண்ணப்ப எண், பாஸ்வேர்டு. போன் நம்பர் கட்டத்தில் கடை நம்பர். எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்டு. அது சரியான முறையில்லை என்று எனக்குத் தெரியாதென்றா நினைத்தாய்? தெரியும். கடைசித் தேதி தவறிப் படிப்பு நின்றுபோவதைவிட இது தேவலாம் என்று நானே யோசித்து முடிவெடுத்தேன்.

போன ஆடியில் நீ லீவுக்கு வந்து கடையில் உட்கார்ந்தாயே, அன்றைக்குத்தான் அந்த நோட்டைப் பிரித்தாய். 'இன்னாம்மா இது, ஊர்ல இருக்கறவன் சாவியெல்லாம் ஒரே ஆணில மாட்டி வெச்சிருக்க' என்று சிரித்தாய். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். நானும் கூடச் சிரித்தேன், அதை நினைத்தால் இப்போது எரிச்சலாக இருக்கிறது. போட்டோ எடுத்தாய். எதுக்குடா என்றதற்கு, 'சும்மாம்மா, ஃப்ரெண்ட்ஸ்க்கு காட்ட' என்றாய். அப்புறம் மூன்று நாள் கடையை நீ எடுத்துக்கொண்டாய். வந்த பிள்ளைகளுக்கெல்லாம் கடை நம்பரை நீக்கிவிட்டு அவரவர் வீட்டு நம்பரை இணைத்தாய், எழுத்தும் எண்ணும் குறியுமாகப் புதுப் பாஸ்வேர்டு போட்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தாய். 'மனப்பாடம் பண்ணிட்டு சீட்டைக் கிழிச்சிடணும்' என்று வாத்தியார் மாதிரி சொன்னாய். நோட்டில் அவர்கள் வரியை ஸ்கெட்ச் பேனாவால் அடித்தாய். நான் டீ வாங்கி வந்து கொடுத்துவிட்டு, வருகிறவர்களிடமெல்லாம் 'எம்பையன், இதுக்கே படிக்கிறான்' என்று பெருமை பேசிக்கொண்டிருந்தேன். அந்தப் பெருமைக்கு இப்போது என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

தளவானூரிலிருந்து ஒரு பெண் வந்தாள், நினைவிருக்கிறதா? இருக்காது. அவள் பெயரை எழுதமாட்டேன். ஊரையும் நடந்ததையும் எழுதிக்கொள்ளலாமா என்று அவளிடம் கேட்டு, சரி என்றதால் எழுதுகிறேன். நீ முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது இதைத்தான். தனியார் கல்லூரி ஒன்றில் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் இரண்டாம் வருடம். ஸ்காலர்ஷிப் வந்தால்தான் ஃபீஸ். அவளுக்கென்று போன் கிடையாது. 'உங்க வீட்டு நம்பர் எதாவது சொல்லு' என்று நீ அவசரப்படுத்தியதில் திருப்பூரில் வேலை செய்யும் அண்ணன் நம்பரைச் சொன்னாள். நீ சொன்ன மாதிரியே சீட்டை மனப்பாடம் செய்துவிட்டுக் கிழித்துப் போட்டாள். ஊரிலேயே நீ சொன்னதைக் கேட்டு நடந்த ஒரே ஆள் அவளாகத்தான் இருக்கும், மற்றவர்கள் சீட்டை மணிபர்சில் செருகி வைத்துக்கொண்டார்கள்.

புதுப்பிக்கும் நேரம் வந்தது. அவளுக்குப் பாஸ்வேர்டில் நடுவில் இருந்த இரண்டு எழுத்து மறந்துவிட்டது. மாற்றலாம் என்றால் ஓடிபி அண்ணன் நம்பருக்குப் போகிறது. அண்ணன் சிம்மை மாற்றி மாதக்கணக்காகிறது, பழைய நம்பர் வேறு யாருக்கோ போய்விட்டது. அந்த நம்பருக்கு நானே போன் போட்டேன். இந்திக்காரர் ஒருவர் எடுத்தார். எனக்குத் தெரிந்த இந்தியில் கெஞ்சினேன். ஓடிபியை யாருக்கும் சொல்லக்கூடாது என்று சொல்லி வைத்துவிட்டார். அவர் மேல் என்ன தப்பு, அவர் ஜாக்கிரதையாகத்தான் இருந்தார். அந்தப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு விழுப்புரம் கலெக்டர் ஆபீசுக்கு இரண்டு தடவை போனேன். தேதி முடிந்துவிட்டது, அடுத்த வருடம் பாருங்கள் என்றார்கள். ஃபீஸ் கட்டாததால் ஹால் டிக்கெட் கொடுக்கவில்லை. ஒரு செமஸ்டர் எழுதாமல் வீட்டில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தாள் என்பதும் தப்பு, வேர்க்கடலைக்குக் களை எடுக்கப் போகிறாள்.

அன்றைக்கே உனக்குப் போன் செய்தேன். நீ என்ன சொன்னாய் என்பதை வார்த்தை மாறாமல் எழுதுகிறேன். 'அது யூசர் எரர்மா. சிஸ்டம் கரெக்டாதான் இருக்குது.' அவ்வளவுதான். அப்புறம் மெஸ்ஸில் சாப்பாடு சரியில்லை என்று சொல்லிவிட்டு வைத்தாய். நானும் மேலே எதுவும் கேட்கவில்லை. நேர்முகத் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளையைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டேன். அப்போதே உன் காதைத் திருகியிருந்தால் இந்தக் கடிதம் வந்திருக்காது. அது என் தப்பு.

போன வாரம் இங்கே அரசுக் கல்லூரியில் படிக்கும் இரண்டு பெண்கள் கடைக்கு வந்து போனை நீட்டினார்கள். 'அக்கா, இது உங்க கடைதானே?' உன் நேர்முகத் தேர்வு முடிந்து நீ கொடுத்த உரையை உங்கள் நிறுவனமே இணையத்தில் போட்டிருக்கிறது. ஏழாவது ஸ்லைடில் என் நோட்டு. பெயர்களைக் கருப்படித்திருக்கிறாய், சரி. என் கையெழுத்தைக் கருப்படிக்கவில்லை. மேலே இருந்த கடை முத்திரையையும் கருப்படிக்கவில்லை. ஹாலே சிரிக்கிறது. முன்வரிசையில் ஒருத்தர், இந்த ஆப்பரேட்டருக்கு இது தப்பென்று தெரியுமா என்று கேட்கிறார். நீ மைக்கைப் பிடித்துக்கொண்டு சொல்கிறாய்: 'அவங்களுக்கு அவேர்னஸ் கிடையாது சார். லோக்கல் ஆப்பரேட்டர், ப்ளஸ் டூ வரைக்கும்தான் படிச்சிருக்காங்க.' எங்கம்மா என்று சொல்லியிருந்தால்கூட மன்னித்திருப்பேன். எங்கம்மா கடை, எனக்கு ஸ்காலர்ஷிப் வாங்கிக் கொடுத்த கடை என்று ஒரு வார்த்தை. அந்தப் பெண்கள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை, பிரிண்ட் அவுட் எடுக்காமலே போய்விட்டார்கள். மறுநாள் மூன்று பேர் வந்து, 'எங்க பேரை நோட்டுல இருந்து எடுத்துடுக்கா' என்றார்கள். எடுத்துவிட்டேன்.

அன்றைக்கு நானும் ஒரு காரியம் செய்தேன், அதை மறைக்கமாட்டேன். உன் மெயிலைத் திறந்து பார்த்தேன். பத்தாவதில் உதவித்தொகைப் பரீட்சைக்கு விண்ணப்பம் போட நான் திறந்து கொடுத்த மெயில் அது. பாஸ்வேர்டு என் நோட்டின் முதல் பக்கத்தில் முதல் வரியில் இருக்கிறது. இத்தனை வருடமாக நீ அதை மாற்றவே இல்லை. சந்தேகம் வந்து அது ஓடிபி கேட்டது, அந்த ஓடிபியும் என் போனுக்கே வந்தது. தகவல் பாதுகாப்பில் ஃபெல்லோஷிப் வாங்குகிறவரே, உங்களுக்கு அவேர்னஸ் கிடையாதா? வளர்ந்த பிள்ளையின் கடிதத்தைத் திருட்டுத்தனமாகப் படிப்பது அசிங்கம். படித்துவிட்டு எனக்கே அருவருப்பாக இருந்தது. அதற்கு நான் மன்னிப்புக் கேட்கிறேன், முழு மனதோடு. முதல் வேலையாக அந்தப் பாஸ்வேர்டை மாற்று, என் நம்பரையும் எடு. மாற்றிவிட்டேன் என்று உன்னிடமிருந்து மெசேஜ் வந்த பிறகுதான் இதைக் கண்ணாடியில் ஒட்டுவேன்.

மெயிலில் உன் ஸ்லைடுகள் முழுசும் இருந்தன. எட்டாவது ஸ்லைடு வீடியோவில் சரியாகத் தெரியவில்லை, மெயிலில் தெளிவாகத் தெரிந்தது. நீ கடையில் உட்கார்ந்த மூன்று நாளைப் பற்றியது. எல்லோருக்கும் வெற்றிகரமாக மாற்றிக் கொடுக்கப்பட்டது, பாதிப்பு எதுவும் இல்லை என்று போட்டிருக்கிறாய். பாதிப்பு எதுவும் இல்லை. நான் போன் செய்து சொன்ன பிறகு தயாரித்த ஸ்லைடு அது, தேதி பார்த்தேன். என்னைக் கேலி செய்ததைக்கூட வீட்டு விஷயம் என்று விழுங்கிவிடுவேன். ஒரு பெண் ஒரு செமஸ்டரை இழந்ததை இல்லையென்று எழுதி, அந்த எழுத்தைக் காட்டி ஃபெல்லோஷிப் வாங்கியிருக்கிறாய். இதற்குப் பெயர் என்ன என்று உங்கள் படிப்பில் சொல்லித் தருவார்களா? எங்கள் கடையில் இதற்குப் பெயர் பொய்ச் சான்றிதழ்.

நீ எம்.டெக்கில் சேர்ந்த கதையும் ஒரு ஸ்லைடுக்குத் தேறும். தகவல் பாதுகாப்பில் மேல்படிப்புக்கு ஒரு ஸ்காலர்ஷிப் அறிவித்திருக்கிறார்கள் என்று கண்டுபிடித்தது நான். நீ அப்போது வேலைக்குச் சேரப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாய். 'அதெல்லாம் நமக்கு எங்கம்மா கிடைக்கும்' என்றாய். கடைசி நாள். சர்வர் படுத்துக்கிடந்தது. காலையில் கடை திறந்ததிலிருந்து மற்ற பிள்ளைகளுக்கு நடுநடுவே உன் விண்ணப்பத்தையும் போட்டுக்கொண்டே இருந்தேன். போட்டோ அளவு அதிகம் என்று திருப்பியடிக்கும், குறைத்தால் கையெழுத்து தெளிவாக இல்லை என்று திருப்பியடிக்கும். நீ பஸ்ஸில் இருந்தாய். போன் போட்டு 'ஓடிபி சொல்லுடா' என்றேன், பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி ஆறு எண்ணையும் கத்திச் சொன்னாய். ஒரு தடவை இல்லை, நாலு தடவை. நோக்கம் என்ன என்ற பத்தியையும் நான்தான் எழுதினேன், 'கிராமப்புற மாணவர்களின் தகவல்களைப் பாதுகாக்க விரும்புகிறேன்' என்று. அந்த வரியைத்தான் இப்போது உன் தலைப்பாக மாற்றி வைத்திருக்கிறாய்.

நீ சொன்னது எல்லாம் தப்பு என்று நான் சொல்லவில்லை. ஒரே ஆணியில் மாட்டிய சாவியால் என்ன நடக்கும் என்று உன்னைவிட எனக்கு நன்றாகத் தெரியும். சில வருடம் முன்பு ஒரு மனிதர் வந்து, 'எம்பொண்ணு அப்ளிகேஷனைப் பாக்கணும்' என்றார். அப்பாதானே என்று நோட்டைத் திறந்து வரியைக் காட்டினேன், கம்ப்யூட்டரையும் கொடுத்தேன். கவுன்சிலிங்கில் அவள் தேர்ந்தெடுத்து வைத்திருந்த கல்லூரிகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுப் போயிருக்கிறார். என் கடையில், என் நாற்காலியில் உட்கார்ந்து. அடுத்த மாதமே அவளுக்குக் கல்யாணம். அழைப்பிதழ் எனக்கும் வந்தது. நான் போகவில்லை. இதை உங்கள் நைனாவிடம்கூட இதுவரை சொன்னதில்லை. நோட்டைப் பிரித்துச் சிரித்த அன்றைக்கு, 'இதால எப்பவாச்சும் பிரச்சனை வந்திருக்குதாம்மா' என்று நீ ஒரு கேள்வி கேட்டிருந்தால் உட்கார வைத்துச் சொல்லியிருப்பேன். உன் ஆராய்ச்சிக்கு அதைவிடப் பெரிய விஷயம் எங்கே கிடைத்திருக்கும்? நீ கேட்கவில்லை. உனக்குப் போட்டோ போதுமாக இருந்தது.

உங்கள் நைனா மூன்று நாளாக என்னோடு சரியாகப் பேசுவதில்லை. சோற்றைப் போட்டால் தட்டைப் பார்த்துக்கொண்டே, 'கையெழுத்துதான, போட்டுக் குடுத்துடு. புள்ள வாழ்க்கையில வெளாடாத' என்கிறார். நம் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆண்பிள்ளை நீ. உன் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டுப் பார்க்க அவருக்கு எவ்வளவு ஆசை என்று எனக்குத் தெரியாதா? 'அந்தப் பொண்ணுக்கு இன்னா, அடுத்த வருஷம் படிச்சிக்கும்' என்றும் சொன்னார். அதைக் கேட்டுத்தான் எனக்குப் பிடிவாதம் ஏறியது. அடுத்த வருடம் என்பது நமக்கு ஒரு கணக்கு. களை பறிக்கிறவளுக்கு அது ஒரு வருடம்.

நேற்று மத்தியானம் கடையைப் பூட்டிவிட்டு உன் படிவத்தோடு தளவானூருக்கு பஸ் ஏறினேன். படிவத்தில் 'பங்கேற்பாளர்' என்ற இடத்தில் என் பெயரை நீயே டைப் அடித்து அனுப்பியிருக்கிறாய். நோட்டை முதலிலிருந்து கடைசி வரை புரட்டினேன், அதில் என் பெயர் ஒரு இடத்திலும் இல்லை. இருக்கிறதெல்லாம் அந்தப் பிள்ளைகளின் பெயர். அவர்கள் சம்மதத்தை நான் எப்படிக் கொடுப்பது? அந்தப் பெண் கடலைக் கொல்லையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள், முழங்கால் வரை மண். விஷயத்தை முழுசாகச் சொன்னேன், வீடியோவையும் காட்டினேன். உன்மேல் ஒரு கெட்ட வார்த்தை சொல்லுவாள் என்று எதிர்பார்த்தேன், சொல்லவில்லை. கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு படிவத்தை வாங்கி வாசல் வெளிச்சத்தில் நின்று நான்கு பக்கத்தையும் வரி விடாமல் படித்தாள். தெரியாத வார்த்தைக்குக் கீழே நகத்தால் கோடு போட்டு என்னிடம் கேட்டாள். நீயே இதை முழுசாகப் படித்திருப்பாயா என்பது சந்தேகம்தான்.

படித்து முடித்துவிட்டு மூன்றாவது பக்கத்தைக் காட்டினாள். 'விருப்பம் இல்லன்னா எப்ப வேணா விலகிக்கலாம், காரணம் சொல்லத் தேவையில்லன்னு போட்டிருக்குதுக்கா. அப்படின்னா நான் விலகிக்கறேன்.' அந்தப் பக்கம் மேலே வருகிற மாதிரி படிவத்தை மடித்தாள். 'உங்க பையனுக்கு இதால எதாவது ஆவுமா?' என்று கேட்டாள். ஆகும் என்றேன், பொய் சொல்ல முடியவில்லை. 'ஆவட்டும்க்கா' என்றாள். கோபமே இல்லாமல் சொன்னாள், டீ போடட்டுமா என்று கேட்கிற மாதிரி. எனக்குத்தான் அங்கே நிற்க முடியவில்லை.

நீ கேட்ட கையெழுத்தைப் போட்டுவிட்டேன். நீ கேட்ட இடத்தில் போடவில்லை. மூன்றாவது பக்கத்தில் அந்த வரிக்குக் கீழே 'விலகிக்கொள்கிறோம்' என்று தமிழில் எழுதி அவளும் போட்டிருக்கிறாள், நானும் போட்டிருக்கிறேன். ஸ்கேன் செய்து உனக்கும் அனுப்பியாகிவிட்டது, படிவத்தின் அடியில் இருந்த நெறிமுறைக் குழுவின் முகவரிக்கும் அனுப்பியாகிவிட்டது. எட்டாவது ஸ்லைடைப் பற்றி அவர்களுக்கு நான் எதுவும் எழுதவில்லை. அதை நீ போய் உன் வாயால் சொல்ல வேண்டும். சொன்னால் ஃபெல்லோஷிப் போகலாம். சொல்லாவிட்டால் நீ இந்த வீட்டுக்கு வரும்போது நான் கடையில்தான் இருப்பேன், வீட்டுக்கு வந்து சோறு போடமாட்டேன். போனால் போகட்டும் என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. உன் எம்.டெக். விண்ணப்பத்தை ஒரு நாள் முழுக்க நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் போட்டவள் நான், எனக்கு வயிறு எரியாதா? எரிகிறது. அழுதுகொண்டேதான் அடிக்கிறேன், எழுத்துப் பிழை இருந்தால் அதனால்தான். காரணம் சொல்லத் தேவையில்லை என்று உன் படிவம் சொல்கிறது. அவள் சொல்லவில்லை. நான் உன் அம்மா, அதனால் சொல்லிவிட்டேன்.